ஏரிக்கரையில் எண்ணுகிறவர்கள்

பொங்கலை ஒட்டிய நாட்களில் செகந்திராபாத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளுக்கு விடிகாலையில் போனால், சில இடங்களில் நாலைந்து பேர் கூடி நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் டிரைபாடில் நிறுத்திய தொலைநோக்கியில் கண் வைத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் கையில் பரீட்சை அட்டையும் பேனாவும் இருக்கும். "ஊசிவால் நாற்பது, நீலச்சிறகி பன்னிரண்டு" என்று ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று விசாரிப்பார்கள். பறவையை எண்ணி என்ன ஆகப்போகிறது என்பதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. பதில் ஒரு வரியில் அடங்காது.

இந்த வேலைக்கு ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று பெயர். 1987-ல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, இன்று ஆசியாவின் பல நாடுகளில் நடக்கிறது. உலக அளவில் வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு ஒருங்கிணைக்கிறது. இந்தியாவில் 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதற்குத் துணை நிற்கிறது. ஏரியில் இறங்கி வேலை செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஹைதராபாத், செகந்திராபாத் பகுதியில் இதைத் தோளில் சுமப்பவர்களில் முக்கியமானவர்கள் டெக்கான் பேர்டர்ஸ் அமைப்பினர். 1980-ல் ஆந்திரப் பிரதேசப் பறவை நோக்குவோர் சங்கம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அது.

ஏன் ஜனவரி? மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசை வரும் வாத்துகள் அக்டோபர், நவம்பரில் இறங்கத் தொடங்கும். மார்ச்சுக்குப் பிறகு திரும்பிவிடும். நடுவில் ஜனவரியில்தான் அவை இடம் மாறாமல் ஓரளவு தங்கியிருக்கும். எல்லா ஊரிலும் ஒரே இரண்டு வாரத்துக்குள் எண்ணி முடித்தால், இங்கே எண்ணிய பறவையை அடுத்த மாவட்டத்தில் மறுபடி எண்ணும் தவறு குறையும்.

இதே தக்காணத்து ஏரிகளில் நூறு ஆண்டுக்கு முன்பு குளிர்காலக் காலை வேளைகளில் நின்றவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் அமைந்த கண்டோன்மென்ட் ஊர் செகந்திராபாத். படை முகாம் இருந்த ஊர்களில் எல்லாம் குளிர்காலத்தில் வாத்தும் உள்ளானும் சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வழக்கமான பொழுதுபோக்கு. நவாபுகளும் ஜமீன்தார்களும் அதில் பின்தங்கியவர்கள் அல்ல. ராஜஸ்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்தே வைத்திருக்கிறார்கள்.

அறிவியலும் அன்று துப்பாக்கியோடுதான் நடந்தது. 1931-32-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராய வந்த சலீம் அலி, அக்கால வழக்கப்படி பறவைகளைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, அளந்து பதிந்தார். அந்த ஆய்வு பம்பாய் கழகத்தின் இதழில் வெளிவந்தது. தெலங்கானாவில் எந்தப் பறவை குறைந்தது, எது புதிதாக வந்தது என்று இன்றைக்கு ஒருவர் பேச வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் அதில் உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. இன்று இந்தியாவில் ஒரு காட்டு வாத்தைச் சுட்டாலும், வலை விரித்துப் பிடித்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். "சும்மா ஒன்றிரண்டு கறிக்குத்தானே" என்று கிராமங்களில் சொல்வதுண்டு. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே வாத்து வேட்டை இன்றும் சட்டபூர்வமானது. சதுப்புநிலங்களைக் காப்பாற்றியதில் வேட்டைக்காரர்களுக்குப் பெரிய பங்கும் உண்டு. 1930-களின் வறட்சியில் வாத்துகள் வேகமாகக் குறைந்தபோது, 1934-ல் வாத்து முத்திரை என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 16 வயது நிறைந்து நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்த முத்திரையை வாங்கியாக வேண்டும். அன்று ஒரு டாலர், இப்போது 25 டாலர். வரும் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் சதுப்புநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 1937-ல் வேட்டைக்காரர்களே சேர்ந்து டக்ஸ் அன்லிமிடெட் என்ற அமைப்பையும் தொடங்கினார்கள். தோட்டாவில் இருந்த ஈயக் குண்டுகள் நீரடியில் தங்கி, அவற்றை விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் சாவது தெரிந்ததும், 1991-லிருந்து நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தார்கள்.

அந்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது என்பதே என் கருத்து. நம் ஏரிகள் ஊருக்கு நடுவே இருப்பவை. துணி துவைப்பவரும் மாடு குளிப்பாட்டுபவரும் மீன் பிடிப்பவரும் புழங்கும் இடத்தில் துப்பாக்கிக்கு வேலை இல்லை. ஆனால் வேட்டைக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஏரியை அங்குலம் அங்குலமாக அவர்கள் அறிந்திருந்தார்கள். எந்தக் கோரைப் புதரில் எது ஒதுங்கும், தண்ணீர் எவ்வளவு வடிந்தால் எது வந்து இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று அந்த அறிவு செகந்திராபாத்தில் யாரிடம் இருக்கிறது? மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வலை வீசும் முதிராஜ், கங்கபுத்ர சமூகத்தாரிடமும், எருமை மேய்ப்பவர்களிடமும்தான். ஏரிப் பாதுகாப்புக் குழு என்று கூட்டம் போடும்போது இவர்களை அழைக்காமல் விட்டால் அந்தக் குழு பாதிக் குருடு.

பரத்பூர் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. வேட்டைக்களம் 1980-களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. உடனே மாடு மேய்ச்சலுக்குத் தடை விதித்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது 1982-ல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. எருமைகள் மேயாததால் ஒருவகைப் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. வாத்துகளுக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் கழகமே அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்து, எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்புநிலத்துக்குத் தேவையான ஒன்று என்ற முடிவுக்கு வந்தது.

இனி, எண்ணுவது எப்படி என்று பார்ப்போம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். ஏரியை, ஒரு மின்கம்பம் முதல் ஒரு பனைமரம் வரை என்பது போல, மனதுக்குள் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போக வேண்டும். சிறு கூட்டமானால் ஒன்றொன்றாக எண்ணலாம். ஐந்நூறு, ஆயிரம் என்று மிதக்கும்போது அது நடக்காது. முதலில் பத்துப் பறவைகளை நிதானமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்வார்கள். பிறகு அதே அளவு இடங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். பருந்து ஒன்று தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அவை மீண்டும் அமரும்வரை காத்திருந்து, அந்தத் துண்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். முங்கி முங்கி எழும் முக்குளிப்பான்தான் புதிதாக எண்ணுபவர்களை அதிகம் ஏமாற்றும். கரையோரம் சேற்றின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் உள்ளான்களுக்கு அனுபவப்பட்ட கண் வேண்டும்.

பறவைக் கணக்கோடு வேலை முடிவதில்லை. கழிவுநீர் எங்கே கலக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது, கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கரையை மேடாக்கியிருக்கிறார்களா, யாராவது வலை கட்டியிருக்கிறார்களா என்பதையும் குறிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பகுதிதான் எண்ணிக்கையைவிடப் பயனுள்ளது.

சரி, இந்தத் தாளெல்லாம் எங்கே போகிறது? 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான சதுப்புநில உடன்படிக்கையில் இந்தியா 1982-ல் சேர்ந்தது. ஒரு நீர்நிலை பன்னாட்டு முக்கியத்துவம் பெற அதில் சில அளவுகோல்கள் உண்டு. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்க வேண்டும் என்பது ஒன்று. ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே வர வேண்டும் என்பது இன்னொன்று. யாரோ வருஷா வருஷம் குளிரில் நின்று எண்ணாமல் இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. ராம்சர் அளவுக்குப் போகாத சிறிய ஏரிக்கும் பதிவு கைகொடுக்கும். படான்சேரு பக்கம் உள்ள அமீன்பூர் ஏரி ஓர் உதாரணம். குதுப் ஷாஹி காலத்து ஏரி அது. சுற்றிலும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருக்க, சுருங்கிப்போய்க் கிடந்தது. அப்பகுதிக் காவல்துறையினர் அதைத் தத்தெடுத்துக் குப்பை அகற்றினார்கள். பறவை நோக்குவோர் அங்கே வரும் இனங்களைப் பதிந்து வைத்தார்கள். 2016-ல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலை ஒன்றுக்கு இந்தத் தகுதி கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

அமீன்பூர் போல எல்லா ஏரிக்கும் வாய்க்கவில்லை. ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்யும் பல வேலைகள் பறவைக்கு எதிராகவே முடிகின்றன. ஏரி அழகுபடுத்தும் திட்டம் என்று பலகை வைப்பார்கள். சுற்றிலும் கருங்கல் அடுக்கிச் செங்குத்தான கரை எழும்பும். நடைபாதை, நீரூற்று, இரவெல்லாம் வண்ண விளக்கு எல்லாம் வரும். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசிவால், நீலச்சிறகி, ஆண்டி வாத்து போன்றவை முங்கி இரை தேடுபவை அல்ல. தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு மேய்பவை. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த தண்ணீர்தான் அவற்றுக்கு வேண்டும். உள்ளான்களுக்கு ஈரச் சேறு வேண்டும். தாழைக்கோழிக்கும் நாரைக்கும் கோரையும் சம்பும் வேண்டும். இவை எல்லாம் ஏரியின் ஓரத்தில், நீரும் நிலமும் மெல்லச் சரிந்து கலக்கும் அந்தச் சில மீட்டரில்தான் இருக்கின்றன. கல் கரை முதலில் அழிப்பது அதைத்தான். நடுவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் ஓரம் போய்விட்டால் பறவைக்கு அது வெறும் தொட்டி.

ஆகவே இங்கே ஏரிப் பேச்சு எல்லாம் எஃப்.டி.எல். என்ற மூன்றெழுத்தில் வந்து நிற்கிறது. ஏரி முழுதாக நிரம்பினால் தண்ணீர் எட்டும் எல்லை அது. அதற்கு வெளியே, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளுக்கு 30 மீட்டர், சிறியவற்றுக்கு 9 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது விதி. கோடையில் தண்ணீர் வடிந்து காய்ந்த இடத்தைக் காட்டி, "இங்கே ஏது ஏரி?" என்று மனை விற்பார்கள். மழைக்காலத்தில் அதே இடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும். ஜனவரியில் இந்த மூலையில் நாமக்கோழி மிதந்தது என்று பல ஆண்டுப் பதிவு இருந்தால், அங்கே ஏரி இல்லை என்று யாரும் எளிதில் சாதிக்க முடியாது.

பெரிய ஏரிகளுக்கும் இந்தப் போராட்டம் உண்டு. 1908-ல் மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடிய பிறகு கட்டியவை உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும். அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க, 10 கி.மீ. ஆரத்துக்குள் உள்ள 84 கிராமங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 1996-ல் 111-ம் எண் அரசாணை வந்தது. அந்த எல்லைக்குள் எண்ணெய்த் தொழிற்சாலை ஒன்று வர முயன்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2000-ல் நீதிமன்றம் குடிநீரின் பக்கம் நின்றது. 2022-ல் கட்டுப்பாடுகளை விலக்கி 69-ம் எண் அரசாணை வந்தது. இரண்டு நகரங்களுக்கும் குடிநீர் தந்த ஏரிகளின் காவலை இப்படித் தளர்த்தியது பெரிய தவறு.

ஊர்க்காரர்களே முன்னின்று பறவையைக் காத்ததற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சான்று உண்டு. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாரேட்பள்ளி, பத்மராவ் நகர், மல்காஜ்கிரி, அல்வால் பக்கம் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற ஜனவரியில் கணக்கெடுப்பு அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுங்கள். பறவைப் பெயர் தெரியாது என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதைச் செய்துகொண்டே இரண்டு காலையில் இருபது பறவையாவது பழகிவிடும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கராந்திக்குப் பட்டம் விடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பருத்தி நூலே வாங்கிக் கொடுங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது. மரத்தில் சிக்கிய நூல் பண்டிகை முடிந்து பல வாரம் கழித்தும் பறவையின் சிறகை அறுக்கும். உங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியில் லாரி மண் கொட்டுவதைக் கண்டால், தேதியோடு ஒரு படம் எடுத்து அன்றைக்கே மாநகராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் எழுதிப் போடுங்கள். மறுநாளைக்கு என்று தள்ள வேண்டாம்.