கண்ணாடியோடு ஒட்டிய கல்யாணப் படம்

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், வாசல் நிலைக்கு மேலே தாத்தா, பாட்டியின் கல்யாணப் படம் தொங்கியது. சட்டத்தைக் கறையான் அரித்துவிட்டதால் கழற்றினோம். பாட்டியின் வலது கன்னம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. சித்தப்பா நகத்தால் மெல்ல நெம்பினார். தாள் கையோடு வந்தது, கன்னம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

போட்டோ எதனால் ஆனது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மை கிடையாது. தாளின்மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசைதான் ஜெலட்டின். அதற்குள் சிக்கிய நுண்ணிய வெள்ளித் துகள்களே பாட்டியின் கூந்தலாகவும் கண்ணாகவும் நமக்குத் தெரிகின்றன. ஈரம் பட்டால் இந்தப் பூச்சு உப்பி, பிசுபிசுத்து, முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் விடாது. போதாததற்கு, பூஞ்சைக்கு அது நல்ல தீனி.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வயலில் இரண்டு போகம் விளையவைத்த அதே ஈரம்தான் சுவரில் தொங்கும் படத்தையும் தின்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூஞ்சை கிளம்பிவிடும்.

ஒட்டிய படத்தை நெம்பவோ நனைக்கவோ கூடாது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். புதிதாகச் சட்டம் போடுகிறவர்கள், படத்தின் நான்கு ஓரத்திலும் கெட்டி அட்டை வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். சில படங்களில் கறுப்பான இடங்கள் ரசம் பூசியதுபோல நீலமாகப் பளபளக்கும். உள்ளிருந்த வெள்ளி கசிந்து மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அழுக்கென்று துடைத்தால் படமே போகும்.

எதை முதலில் ஸ்கேன் செய்வது? நான் சொல்வேன், 1970, 80களின் கலர் படங்களை. அவற்றில் இருப்பது வெள்ளியல்ல, சாயம். இருட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் நீலச்சாயம் தானாகவே வெளிறும். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பங்களில் எல்லோரும் செக்கச்செவேலென்று இருப்பது அதனால்தான்.

தாத்தாவின் கேமரா பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் III. 120 வகை ஃபிலிம் ரோல் ஒன்று போட்டால் 12 சதுரப் படங்கள் விழும். கேமராவைத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தோம், பத்திரம் என்று நினைத்து. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சிலந்திவலைபோல வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. அதுவும் பூஞ்சைதான். முற்றவிட்டால் அது கக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். இப்போது கேமராவை உறையில்லாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். அதற்கான 120 வகை ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி, மின்னாக்கம் செய்தது. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதை வீட்டுப் பெரியவர்கள்தானே சொல்ல முடியும்?

மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து காற்று காய்ந்திருக்கும் நாட்களில் பழைய படப் பெட்டியைத் திறப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. போன முறை அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணப் படத்தின் பின்வரிசையில் ஐந்து பேர். மூன்று பேரை அடையாளம் சொன்னார். பேனா மை ஊறும் என்பதால், படத்தின் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதினேன். மீதி இரண்டு பேரை வடசேரிப் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.