லாகிரிப் பொருள்களும் மூளையின் இரசாயனமும்

செம்பாக்கத்து மக்கள் மின்ரயிலில் கடந்து செல்லும் நிலையங்களுள் ஒன்று தாம்பரம் சானடோரியம். க்ஷயரோகிகளுக்கென்று 1928-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மருத்துவ நிலையமே அப்பெயருக்குக் காரணம். மனநிலை என்பது மூளையின் இரசாயனத்தையும் பொறுத்தது என்று உலகுக்கு உணர்த்தியவற்றுள் க்ஷயரோக மருந்தொன்றும் உண்டு என்பதை நம் அங்கத்தினர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1952-இல் நியூயார்க் நகரத்து மருத்துவமனையொன்றில் ஐப்ரோனியாஸிட் என்னும் மருந்தை உட்கொண்ட நோயாளிகள் வியக்கத்தக்க உற்சாகம் கொண்டனர். செரோடோனின் முதலிய பொருள்கள் மூளையில் சிதையாதவாறு அம்மருந்து தடுத்ததே காரணமென மருத்துவர் கருதினர். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் தூதர்கள் இப்பொருள்கள்.

லாகிரிப் பொருள்கள் தலையிடுவதும் இத்தூதர்களின் வேலையிலேயே. எனினும் எல்லாம் ஒரே வாயிலில் நுழைவதில்லை.

மதுவை எடுத்துக்கொள்வோம். மூளையை ஒரு காளையென்று கொண்டால், காபா என்னும் பொருள் மூக்கணாங்கயிறு, குளுட்டமேட் தார்க்கோல். மது கயிற்றை இறுக்குகிறது, கோலை மழுக்குகிறது. அதனால் அச்சமும் கூச்சமும் தணிகின்றன. நாள்தோறும் குடித்தாலோ மூளை ஈடுசெய்ய முற்பட்டுக் கயிற்றைத் தளர்த்திக் கோலைக் கூராக்கிவிடுகிறது. பிறகு மது நின்ற காலையில் காளை மிரள்கிறது. தறியில் அமர்ந்தவர் அற்ற இழையைப் பிணைக்க முடியாமல் கை நடுங்குவது இதனாலேயே. வியர்வை, உறக்கமின்மை, காரணமற்ற திகில் ஆகியவை தொடரும். சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் காணும். மீண்டும் ஒரு குவளை அருந்தியதும் நடுக்கம் நிற்பதைக் கண்டு, மது தமக்கு மருந்தென்று நம்புகிறவர் பலர்.

புகையிலையின் கதையும் இத்தகையதே. நூலருகே நெருப்பு ஆகாதென்று பீடியை விட்டுப் புகையிலையை வாயில் அடக்குவோர் நம்மிடையே உண்டு. புகை இல்லையாயினும் நிகோடின் உண்டு. அது டோபமின் என்னும் ஊக்கப் பொருளைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் நிகோடினை ஏற்கும் வாயில்கள் மூளையில் பெருகி, அவை வெறுமையாய் நிற்கும்போது எரிச்சலும் கவனச் சிதறலும் தோன்றுகின்றன. அடுத்த சிட்டிகை தருவது பெரும்பாலும் இன்பமன்று, முந்தைய சிட்டிகை விளைத்த குறையின் நிவாரணமே.

கஞ்சா வேறு வாயிலைத் தட்டுகிறது. அவ்வாயிலுக்கு உரிய, மூளை தானே சுரக்கும் பொருளை 1992-இல் ஜெருசலேம் ஆராய்ச்சியாளர் கண்டு, நம் ஆனந்தம் என்னும் சொல்லைக்கொண்டே ஆனந்தமைட் எனப் பெயரிட்டனர். பெயர் இனியதாயினும், கஞ்சாவால் அண்மை நினைவு தடுமாறும். காலம் நீள்வதாகத் தோன்றும். இளவயதினர் சிலருக்குச் சித்தம் கலங்கும். அபினும், அவ்வினத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளும், உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும். மருத்துவர் சீட்டின்றி இம்மாத்திரைகளை வாங்கும் இளைஞர், மாத்திரைதானே என்று எண்ணுவது பெரும் பிழை.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் வீட்டார் சொற்கேட்டு ஒரே நாளில் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துதல் வேண்டும். 1980-இல் தோன்றிய டி.டி. ரங்கநாதன் அறநிறுவனம் சென்னை இந்திரா நகரில் இதற்கென மருத்துவமனை நடத்துகிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்; குடிப்பவரேயன்றி அவர் வீட்டாரும் அழைக்கலாம்.