பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கினால் மானியம் உண்டா?

"தம்பி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணு, ஒரு விஷயம் பார்க்கணும்" என்றார் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தப்பா. அவர் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. திருச்சியில் ஒரு புரோக்கர் அவருக்குப் பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றைக் காட்டியிருக்கிறார். "அரசு மானியம் உங்கள் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வந்துவிடும். விண்ணப்பச் செலவுக்கு ஐயாயிரம் கொடுங்கள்" என்றாராம். சித்தப்பா பணத்தை எடுத்தே வைத்துவிட்டார்.

இருவரும் உட்கார்ந்து இன்டர்நெட்டில் திட்ட விதிகளைத் தேடிப் படித்தோம். கிடைத்த பதில்: மத்திய அரசின் மானியம் புதிய வண்டிக்கு மட்டுமே.

மானியம் எப்படிக் கிடைக்கிறது?

வாங்குபவரின் அக்கவுண்ட்டுக்குப் பணம் வருவதே இல்லை. ஷோரூமில் விலையிலேயே கழித்துக்கொண்டு பில் போடுவார்கள். அந்தத் தொகையைத் தயாரிப்பு நிறுவனம் மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்திடம் இருந்து பெற்றுக்கொள்ளும். ஒரு வண்டிக்கு ஒரு முறைதான். அது கைமாறும்போது மறுபடி கிடைக்காது.

கார்களின் நிலை இன்னும் கண்டிப்பானது. 2019 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை இருந்த ஃபேம்-2 திட்டத்தில், வாடகைக்கு ஓடும் புதிய கார்களுக்குத்தான் மானியம். சொந்த உபயோகக் காருக்குக் கிடையாது. 2024 அக்டோபர் 1-ல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்திலோ கார் மானியமே இல்லை.

வருமான வரியில் 80இஇபி பிரிவு ஞாபகத்துக்கு வரலாம். எலெக்ட்ரிக் வண்டிக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள வழி செய்த பிரிவு இது. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டுமே பொருந்தும். இனி வாங்கும் கடனுக்கு உதவாது.

தேடும்போது கவனம்

கூகுளில் ஆங்கிலத்தில் தேடினால் "பழைய எலெக்ட்ரிக் காருக்கு 4,000 டாலர் வரை சலுகை" என்று வரும். அது அமெரிக்காவின் வரிச் சலுகை. அதுவும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எந்த நாடு, எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. பரிவாஹன் வெப்சைட்டைத் திறந்து, "நோ யுவர் வெஹிக்கிள் டீடெய்ல்ஸ்" பகுதியில் மொபைல் எண் கொடுத்து லாகின் செய்யுங்கள். வண்டி எண்ணை டைப் செய்தால் பதிவுத் தேதி, வண்டி வகை, இன்ஷூரன்ஸ் முடியும் நாள் தெரியும்.

2. நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. வாடகை வண்டியானால் முதலில் வாங்கியவருக்கு மானியம் கழிந்திருக்கலாம். பழைய பில்லைக் கேட்டு, அவர் உண்மையில் கொடுத்த விலையை வைத்துப் பேரம் பேசுங்கள்.

3. ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35 வேண்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள் தேவை.

4. பேட்டரி வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பேட்டரி மாற்ற நேர்ந்தால் லட்சக்கணக்கில் செலவாகும்.

5. தனி நபரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற டீலர் தன் லாபத்தின் மீது 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. 8 லட்சத்துக்கு வாங்கி 9 லட்சத்துக்கு விற்றால், 1 லட்சத்துக்கு மட்டும் வரி.

எல்லாம் படித்த பிறகு சித்தப்பா புரோக்கருக்குப் போன் செய்தார். "எந்தத் திட்டம் என்று பெயரை எழுதிக் கொடுங்கள்" என்றார். "அப்புறம் பேசுகிறேன்" என்று லைன் கட்டானது. ஐயாயிரம் ரூபாய் பீரோவிலேயே இருக்கிறது. அடுத்த காரின் எண்ணை இப்போது அவரே டைப் செய்து பார்க்கிறார்.