பிள்ளை யாரிடம்?

விவாகரத்து வழக்கு முடிவுற்று, பிள்ளை தாயிடம் இருக்கவேண்டும் என மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடுகின்றது. பிள்ளை முற்றிலும் தனக்கே உரியது எனத் தாயும், தன் கடமை அன்றோடு தீர்ந்தது எனத் தந்தையும் எண்ணிக்கொண்டு படியிறங்குவதுண்டு. இருவர் எண்ணமும் பிழையாகும். அப்பிழையால் அல்லற்படுவது வாதியுமல்லாத, பிரதிவாதியுமல்லாத பிள்ளையே.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இங்கே இரண்டு உரிமைகளை வேறுபடுத்துகின்றது. பிள்ளை எவர் வீட்டில் உண்டு உறங்கி, எவர் கண்காணிப்பில் வளர்வது என்பது கட்டுக்காவல். பிள்ளையின் சொத்தை நிருவகித்தல், அதன் சார்பில் வழக்காடுதல் முதலியன பாதுகாவலுரிமை. அச்சட்டத்தின் பழைய கொள்கைப்படி தந்தையே இயற்கைப் பாதுகாவலர். கட்டுக்காவல் தாய்க்குக் கிடைத்தமையால் மட்டும் அவருடைய அவ்வுரிமை அற்றுப்போவதில்லை. பிள்ளையின் பெயரில் ஒரு காணித்துண்டு இருந்து, அதுபற்றிக் கருமமாற்ற வேண்டி வரும்போதே இவ்வேறுபாடு புலனாகும்.

கட்டுக்காவலும் ஒரே வகையினதன்று. பெரும்பாலும் அது ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். மற்றவர்க்கு வார இறுதியிற் சில மணி நேரமோ, பாடசாலை விடுமுறையிற் சில நாட்களோ பிள்ளையைக் காணும் உரிமை வழங்கப்படும். இருவரும் சேர்ந்து பொறுப்பேற்பது கூட்டுக் கட்டுக்காவல். எழுத்தில் அது அழகியதே. ஆயினும் நேர்நின்று பேசவும் மனமில்லாதாரிடையே அது நெடுநாள் நிலைப்பது அரிது. பெற்றோர் இருவரும் தகுதியற்றவராயின், பேரன் பேர்த்தியர் போன்ற உறவினரிடமும் பிள்ளை ஒப்படைக்கப்படலாம். இது யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1707 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால் தாய்வழிப் பேர்த்தியார் பிள்ளைகளை ஏற்று வளர்ப்பதையும், அப்போது இறந்தவளின் சீதனமும் தேடிய தேட்டத்தில் அரைப்பங்கும் பிள்ளைகளுடன் செல்லவேண்டியதையும் கூறுகின்றது.

யாரிடம் ஒப்படைப்பது என்பதில் முன்னர் தந்தையின் உரிமையே மேலோங்கியிருந்தது. இன்று பிள்ளையின் நலனே முதன்மை பெறுகின்றது. பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. சோரமோ, தீயநோக்கிலான கைவிடுகையோ விவாகரத்துக்குக் காரணமாகலாம். அக்குற்றம் புரிந்தவர் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்பது அதனாலேயே நிறுவப்பட்டதாகாது. அது தனியே ஆராயப்படவேண்டியது.

பணம் பற்றிய பூசல் பிறிதொன்று. பிள்ளையைக் காட்ட மறுக்கின்றாள், ஆதலாற் பணம் கொடேன் என்பார் உளர். பணம் தரவில்லை, ஆதலாற் பிள்ளையைக் காட்டேன் என்பாரும் உளர். இரண்டும் செல்லா. தாபரிப்பு, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி, வசதியுள்ள தாய்க்கும் தந்தைக்கும் உரிய கடன். அதற்கு நாடவேண்டியது நீதவான் நீதிமன்றத்தை. காணும் உரிமை மீறப்பட்டால், அதற்குரிய கட்டளையைப் பிறப்பித்த நீதிமன்றத்திலேயே முறையிடல் வேண்டும்.

கட்டுக்காவற் கட்டளை மாற்றத்தக்கது. ஐந்து வயதில் தாயின் மடியை நாடிய பிள்ளை, பதினான்கு வயதில் தந்தையின் ஊரிலுள்ள பாடசாலையை நாடலாம். நிலைமை மாறியதை எடுத்துக்காட்டி மீண்டும் மனுச் செய்ய இடமுண்டு. பராய வயது 1989 இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டமையால், அவ்வயதை எய்திய பின்னர் எங்கே வாழ்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும்.