ராத்திரி 2 மணிக்குப் பெருசாகுற கவலை... சின்னதாக்க 4 வழிகள்!

மேனேஜருக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருப்பீங்க. ப்ளூ டிக் வந்துடும், ரிப்ளை வராது. ‘தப்பா ஏதும் சொல்லிட்டோமோ... வேலைக்கே ஆபத்தோ?’னு ராத்திரி 2 மணி வரைக்கும் மனசு ஓடும். காலையில அவர் ஒரு தம்ஸ்-அப் போடுவார், அவ்வளவுதான்.

இந்தக் கவலைக்கும் ஏற்காடு லேடீஸ் சீட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. சேலம் அஞ்சு ரோட்டுல டிராஃபிக்ல மாட்டியிருக்கும்போது, முன்னால நிக்கிற பஸ்தான் உலகத்துலயே பெரிய பிரச்னை. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ப் பார்த்தா, அந்த ஊரே வெளிச்சப் புள்ளிகளாத் தெரியும். ஊர் சின்னதாகலை, நாம தள்ளி நிக்கிறோம். கவலையையும் இப்படித் தள்ளி நின்னு பார்க்கப் பழகலாம்.

1. எழுதி வைங்க, பிறகு சரிபாருங்க

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிகமா கவலைப்படும் பாதிப்பு உள்ள 29 பேரை 10 நாள்கள் தங்கள் கவலைகளை எழுதச் சொன்னாங்க. அவை நடந்துச்சான்னு 30 நாள்கள் கவனிச்சாங்க. 2020-ல் வெளியான முடிவுப்படி, சுமார் 91 சதவிகிதக் கவலைகள் நடக்கவே இல்லை. நீங்களும் மொபைல் நோட்ஸ்ல தேதி போட்டு எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சுத் திறந்து பாருங்க.

2. எல்லாரும் உங்களையே பார்க்கலை

கார்னெல் பல்கலைக்கழகத்துல மாணவர்களை, கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டோட ஓர் அறைக்குள்ள அனுப்பினாங்க. பாதிப் பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு அவங்க நினைச்சாங்க. உண்மையில கவனிச்சது நாலுல ஒருத்தர்தான். 2000-ல் வெளியான இந்த ஆய்வு சொல்ற விஷயம் சிம்பிள்... மத்தவங்க அவங்கவங்க டி-ஷர்ட்டைப் பத்தின கவலையில இருக்காங்க!

3. முட்டை விலையா, தீவனமா?

நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் முட்டை விலை அறிவிப்பைத் தினமும் கவனிக்கிறாங்க. ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலை ஒரு தனிப் பண்ணையாளர் கையில இல்லை. தீவனம், தண்ணீர், கொட்டகைச் சுத்தம் இதெல்லாம் அவர் கையில இருக்கு. உங்க கவலையையும் இப்படி ரெண்டாப் பிரிங்க. எழுதி முடிச்ச தேர்வோட கட்-ஆஃப், முட்டை விலை மாதிரி. அடுத்த தேர்வுக்கு இன்னைக்குப் படிக்கிற 2 மணி நேரம்தான் தீவனம்.

4. ஃப்ரெண்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க

ஃப்ரெண்டோட பிரச்னைக்குத் தெளிவா ஐடியா கொடுப்போம், நம்ம பிரச்னைன்னா குழம்பிடுவோம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் சொல்லுது. தன் பிரச்னையை வேறொருத்தர் பிரச்னை மாதிரி தள்ளி நின்னு யோசிச்சவங்க, நிதானமா யோசிச்சாங்க. அதனால, ‘நான் என்ன பண்ணுவேன்?’னு கேட்காம, உங்க பேரைச் சொல்லி ‘இவ இப்போ என்ன பண்ணலாம்?’னு கேட்டுப் பாருங்க.

தள்ளி நின்னாலும் சின்னதாகாத கவலைகள்

கடன், வேலை இழப்பு, வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியலைங்கிறதெல்லாம் நிஜமான சுமை. ‘பாசிட்டிவா இரு’ன்னு சொன்னா அது குறையாது. தள்ளி நின்னு பார்த்தா பிரச்னை மறையாது, ஆனா அடுத்து யார்கிட்ட பேசணும், எந்த வேலையை முதல்ல முடிக்கணும்னு தெரியும். வாரக்கணக்குல தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கலை, எதுலயும் மனசு ஒட்டலைன்னா தனியாச் சமாளிக்க வேண்டாம். ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-க்குக் கூப்பிடுங்க. 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

கவலை இடத்தை அடைச்சுக்கும்போது நல்லது கண்ணுல படாது. அதனால வாரத்துக்கு ஒரு தடவை, நல்லா இருந்த 5 விஷயங்களையும் அதே நோட்ஸ்ல எழுதுங்க. பெருசா எதுவும் வேண்டாம். சாயங்காலம் ஃப்ரெண்டோட சாப்பிட்ட தட்டுவடை செட், பஸ்ல கிடைச்ச ஜன்னல் சீட், அம்மா போன்ல சிரிச்ச சிரிப்பு... இதெல்லாமும் இந்த வாரம் உங்களுக்கு நடந்ததுதானே!