கணிப்பொறி கண் திறக்க மறுத்தால்...

ஓடுகின்ற வரையில் கணிப்பொறியின் அருமை நமக்குத் தெரிவதில்லை. அது எழ மறுக்கும் நாளில் வீடே கலங்குகிறது. அப்பாவின் வரவு செலவுக் கணக்கு, அக்காவின் கல்லூரிக் கட்டுரை, தங்கையின் புதுநன்மைப் படங்கள் எல்லாம் அதனுள் அல்லவா இருக்கின்றன! உடனே, "கெட்டுப் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். தோழியரே, நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறி நான்கு படிகளில் ஏறி வருகிறது. முதலாவது, மின்சாரம். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை 'பவர் சப்ளை' என்னும் பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருகிறது. இரண்டாவது, சோதனை. தாய்ப்பலகையின் சில்லில் உள்ள ஒரு சிறு நிரல் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. மூன்றாவது, தேடல். அந்நிரலே விண்டோஸ் போன்ற இயக்க முறைமை எந்த வட்டில் இருக்கிறது என்று தேடுகிறது. நான்காவது, அந்த இயக்க முறைமை விழித்தெழுகிறது. எந்தப் படியில் இடறியது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லையா? குறை மின்சாரத்தில். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கை மாட்டிப் பாருங்கள். பெட்டியின் பின்புறமுள்ள சுவிட்சையும் கம்பியையும் பாருங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது. இணைப்பை எடுத்த பின்னரும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்கிறதா? முதலில் திரையின் கம்பியைச் சரிபாருங்கள். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் ஒரே ஒரு குறுகிய 'பீப்' ஒலி எழுந்தால் நலம் என்று பொருள். இன்றும் பல கணிப்பொறிகள் தங்கள் குறையை ஒலியாலோ சிறு விளக்காலோ அறிவிக்கின்றன. பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும். நினைவகப் பலகை தளர்ந்திருப்பதும் உண்டு. பெரியவர் ஒருவர் துணையுடன், மின்இணைப்பை எடுத்துவிட்டு, அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தலாம்.

'வட்டைக் காணவில்லை' என்ற செய்தி வந்தால், பென் டிரைவ் எதுவும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். வட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் முயன்றால் சேதம் வளரும்.

விண்டோஸின் சின்னம் தோன்றிய பின் நின்றுவிடுகிறதா? அண்மையில் சேர்த்த கருவிகளைக் கழற்றுங்கள். 'சேஃப் மோட்' என்ற எளிய முறையில் எழுந்தால், புதிதாக ஏற்றிய நிரலே பெரும்பாலும் காரணம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பழுது பார்ப்பவர் "ஃபார்மட் செய்துவிடலாம்" என்றால் உடனே தலையசைக்காதீர்கள். "எங்கள் கோப்புகளை முதலில் எடுத்துத் தர முடியுமா?" என்று கேளுங்கள். கணிப்பொறி எழவில்லை என்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. வட்டு நலமாயிருந்தால் வேறொரு பொறியில் இணைத்துப் படிக்கலாம். புதிய பொறிகள் சிலவற்றில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் மீட்பு எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தொலைந்த பொருளுக்காகப் புனித அந்தோனியாரை வேண்டுவது நம் வழக்கம். வேண்டுவோம், ஆனால் அதற்கு முன் நம் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் ஒரு நகலும் எடுத்து வைப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே அறிவு!