பள்ளி மாணவர் ஆய்வுச் செய்திக்கட்டுரை மதிப்பீடு

பள்ளி மாணவர் ஆய்வுச் செய்திக்கட்டுரை மதிப்பீடு என்பது, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு பொருள் குறித்துப் பல நாட்கள் தகவல் திரட்டி எழுதும் விரிவான செய்திக்கட்டுரைகளின் தரத்தை அளவிடும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் இதழியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. பள்ளிச் செய்தித்தாளை மாணவர்களே நடத்துகின்றனர். ஆகவே இம்முறை அங்கு நன்கு வளர்ச்சி அடைந்துள்ளது. மொழிப்பாடக் கட்டுரையைத் திருத்துவதிலிருந்து இது வேறுபட்டது. இதில் எழுத்து நடையை விடத் தகவல் திரட்டிய முறைக்கும் அதைச் சரிபார்த்த முறைக்கும் கூடுதல் இடம் தரப்பட வேண்டியுள்ளது.

வரலாறு

மாணவர் இதழ்களை மதிப்பிடும் அமைப்புகள் 1920களில் தோன்றின. தேசியப் பள்ளி இதழியல் சங்கம் 1921 இலும், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கொலம்பியா பள்ளி இதழியல் சங்கம் 1925 இலும் நிறுவப்பட்டன. குவில் அண்ட் ஸ்குரோல் என்னும் அமைப்பு 1926 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் மக்கள் கருத்துக் கணிப்புகளால் புகழ்பெற்ற ஜார்ஜ் காலப் இதன் நிறுவனர்களுள் ஒருவர் ஆவார். இவ்வமைப்புகள் இதழ்களைப் படித்துக் குறைநிறைகளை எழுதி அனுப்புவதுடன் விருதுகளும் வழங்கி வந்துள்ளன.

டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளுக்கு இடையே நடைபெறும் செய்தி எழுதும் போட்டி வேறு வகையானது. இதில் தகவல்கள் முன்கூட்டியே தரப்படுகின்றன. மாணவர் அவற்றை ஒழுங்குபடுத்தி 45 நிமிடங்களில் எழுத வேண்டும். இது எழுதும் திறனை நன்கு அளவிடுகின்றது. ஆனால் தகவலைத் தேடிக் கண்டறியும் திறனை இதனால் அளவிட இயலாது.

மதிப்பீட்டு அளவைகள்

பொதுவாகப் பின்வருவன கருத்தில் கொள்ளப்படுகின்றன.

- பொருள்: கட்டுரை விடை தேடும் கேள்வி தெளிவாகவும், ஒரு கட்டுரைக்குள் அடங்குவதாகவும் இருத்தல்.
- தகவல் மூலங்கள்: நேரடியாக அறிந்தவர்கள், துறை வல்லுநர்கள், ஆவணங்கள் ஆகிய மூவகையும் இடம்பெறுதல்.
- சரிபார்ப்பு: பெயர், எண், தேதி, மேற்கோள் ஆகியன பிழையின்றி இருத்தல்.
- நடுநிலை: குறை கூறப்பட்டவருக்கு மறுமொழி கூற வாய்ப்பு அளித்தல்.
- தனியுரிமை: சிறுவயதினரும் பாதிக்கப்பட்டோரும் தேவையின்றி அடையாளம் காணப்படாதிருத்தல்.
- அமைப்பு: முகப்புப் பத்தியும், செய்தியின் சாரத்தைக் கூறும் பத்தியும், பின்னணி விளக்கமும் சீராக அமைதல்.
- மொழி: எளிமையும் இலக்கணத் தூய்மையும்.

எடுத்துக்காட்டு

காலையில் பள்ளி தொடங்கும் நேரம் குறித்து இரு மாணவர்கள் எழுதுவதாகக் கொள்வோம். முதலாமவர் தம் நண்பர்கள் மூவரின் சோர்வைச் சுவைபட எழுதுகின்றார். இரண்டாமவர் பள்ளியின் பேருந்துக் கால அட்டவணையைப் பெறுகின்றார். செவிலியரிடமும் நிருவாகத்தினரிடமும் பேசுகின்றார். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014 இல் பரிந்துரைத்ததையும் சுட்டுகின்றார். நேரத்தை மாற்றினால் பேருந்துப் பயணங்களுக்கு என்ன சிக்கல் நேரும் என்பதையும் விளக்குகின்றார். நடைக்கு மட்டும் மதிப்பெண் இட்டால் முதலாமவர் முந்தக்கூடும். மேற்கண்ட அளவைகளின்படி இரண்டாமவரின் கட்டுரையே சிறந்தது.

செயல்முறைப் பதிவுகள்

அச்சான கட்டுரையை மட்டும் பார்த்து இந்த உழைப்பை அறிய முடியாது. எனவே நேர்காணல் குறிப்புகள், மூலங்களின் பட்டியல், முதல் வரைவு, திருத்தங்கள் ஆகியவற்றையும் மாணவரிடமிருந்து பெறுவது பயனுள்ளது. கட்டுரையிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதன் ஆதாரத்தைக் குறிக்கச் செய்வது எளிய வழியாகும். எழுத்தை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் 2022 இன் இறுதி முதல் பரவலான பின்னர், இப்பதிவுகளின் முக்கியத்துவம் கூடியுள்ளது.

மதிப்பீடும் தணிக்கையும்

மதிப்பிடும் ஆசிரியர் பள்ளி நிருவாகத்தின் ஊழியரும் ஆவார். கட்டுரை அதே நிருவாகத்தைப் பற்றியதாக இருப்பின் சிக்கல் எழுகின்றது. மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில் 1983 இல், மாணவியரின் கருத்தரிப்பு, பெற்றோரின் மணமுறிவு ஆகியவை பற்றிய கட்டுரைகள் இருந்த இரு பக்கங்களை முதல்வர் நீக்கினார். பெயர் மாற்றப்பட்ட மாணவியர் அடையாளம் காணப்படலாம் என்பதும், குறை கூறப்பட்ட தந்தைக்கு மறுமொழி வாய்ப்பு இல்லை என்பதும் அவர் கூறிய காரணங்களுள் அடங்கும். உச்ச நீதிமன்றம் 1988 இல் 5-3 என்ற பெரும்பான்மையில் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பள்ளி மறுக்கத்தக்கதாகக் குறிப்பிட்டவற்றில் போதிய ஆய்வின்றி எழுதப்பட்டவையும் பக்கச்சார்பானவையும் இடம்பெற்றன. இவ்வாறு மதிப்பெண் அளவைகளாக இருந்தவையே வெளியீட்டைத் தடுக்கும் காரணங்களாகவும் ஆயின.

இதற்கு மாறாக, மாணவர் இதழ்களைக் காக்கும் சட்டம் கேன்சஸ் மாநிலத்தில் 1992 இல் இயற்றப்பட்டது. அம்மாநிலத்தின் பிட்சுபர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர் இதழ், புதிதாக நியமிக்கப்பட்ட முதல்வரின் கல்வித் தகுதி குறித்து 2017 இல் ஆராய்ந்து எழுதியது. அவர் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மாணவர்கள் ஆராய்ந்ததுடன் அவரிடமும் விளக்கம் கேட்டனர். கட்டுரை வெளியான சில நாட்களில் அவர் பதவி விலகினார்.

எனவே குறைந்த மதிப்பெண்ணுக்கான காரணம், திருத்தக்கூடிய குறையாக எழுத்தில் சுட்டப்பட வேண்டும். "மறுமொழி பெறப்படவில்லை" என்பது மதிப்பீடு. மாணவர் அதனைப் பெற்று வந்து திருத்தலாம். "இப்பொருளைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம்" என்பது தணிக்கையை நெருங்குகின்றது. மதிப்பீட்டு அளவைகளை எழுதத் தொடங்கும் முன்னரே மாணவருக்கு அறிவித்துவிடுவது இவ்விரண்டும் கலந்துவிடாமல் காக்க உதவும்.